எந்த எண்ணை நம்பி டிரம்மை நிறுத்துவது?

பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ ஒரு தோல் ஷாப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர்களும், அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்கிற பிள்ளைகளும் என்னைப் போன்ற லேப் ஆட்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சின்னதா ஒரு லேப் போடணும் சார், என்னென்ன கருவி வாங்கலாம்?" கையில் ஏற்கெனவே ஒரு கொட்டேஷன் இருக்கும். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், டென்சைல் மிஷின், நாலு தசமம் காட்டும் தராசு என்று பட்டியல் நீளும். கூட்டுத்தொகையைப் பார்த்து மிரண்டுபோய்த்தான் வந்திருப்பார்கள்.

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "இந்தக் கருவி காட்டுற எண்ணைப் பார்த்து உங்க ஷாப்புல யாரு, எந்த நேரத்துல, என்ன செய்யப் போறாங்க?" பதில் சொல்ல முடிகிற கருவியை இன்றே வாங்கலாம். பதில் சொல்ல முடியாத கருவி பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

குடியாத்தத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். எங்கள் ஊர் லுங்கித் தறிக்காரர்கள் துணியைத் தரம் பார்க்க ஒரு மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அடியில் ஓர் அங்குலச் சதுரம் திறந்திருக்கும். துணிமேல் வைத்துப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அந்தத் துணி திரும்பிப் போகும். எண்ணுகிறவருக்கும் தெரியும், நெய்தவருக்கும் தெரியும், அதன் மேல் பேச்சில்லை. நான் பார்த்த அளவீட்டுக் கருவிகளில் மிகவும் நேர்மையானது அது.

தோலுக்கு வருவோம். வெட் புளூ வரைக்கும் செய்கிற ஷாப்பில் மூன்று இடங்களில்தான் பெரிய முடிவு எடுக்க வேண்டும். பிக்கிளில் அமிலம் விடலாமா? குரோம் போடலாமா? டிரம்மை நிறுத்தி இறக்கலாமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் கருவிகளைத்தான் முதல் மாதத்தில் வாங்க வேண்டும்.

முதல் கேள்விக்கு ஒரு கண்ணாடி ஹைட்ரோமீட்டர் போதும், போமே டிகிரி காட்டுவது. டிரம் தண்ணீரில் உப்பு 6 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அமிலத்தை விட்டால் தோல் உப்பிப்போகும். அப்படி உப்பிய தோலின் கிரெயின் பிறகு எந்த மருந்துக்கும் சரியாகாது. ஒரு முழு டிரம் தோலைக் காப்பாற்றும் இந்தக் கருவிக்கு பேட்டரி கிடையாது. நீர்மட்டத்தின் வளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்கத் தெரிந்தால் போதும். தண்டில் எந்த வெப்பநிலைக்கு அளவு குறித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் வாங்கும்போதே படித்துவிடுங்கள். அந்த வெப்பநிலையை விட்டு விலக விலக அளவும் விலகும். சித்திரை வெயிலில் கொதிக்கும் எங்கள் பகுதிக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குத்தான் பி.எச். மீட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையப் பேச வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் மீட்டரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது எலெக்ட்ரோடை. மீட்டர் என்பது மில்லிவோல்ட் அளக்கும் பெட்டி, தண்ணீர் புகாமல் இருந்தால் பல வருஷம் உழைக்கும். தேய்வது எலெக்ட்ரோடுதான். 25 டிகிரியில் ஒரு பி.எச். வித்தியாசத்துக்கு அது 59.16 மில்லிவோல்ட் தர வேண்டும். வயதாக ஆக இது குறையும். இதைத்தான் ஸ்லோப் என்று சதவீதத்தில் சொல்கிறோம். 95-க்குக் கீழே இறங்கினால் எலெக்ட்ரோடைச் சுத்தம் செய்ய வேண்டும், அப்படியும் ஏறாவிட்டால் மாற்ற வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம், காலிபரேஷன் முடிந்ததும் இந்த மீட்டர் ஸ்லோப்பைக் காட்டுமா என்பது. சில மலிவு மீட்டர்கள் 'ஓகே' என்று மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த 'ஓகே'யை வைத்துக்கொண்டு எலெக்ட்ரோடின் ஆயுசை யாரும் கணிக்க முடியாது.

தோல் ஷாப்பின் தண்ணீர் எலெக்ட்ரோடுக்குக் கொடுமையானது. சுண்ணாம்புக் குளியலில் சோடியம் சல்ஃபைடு இருக்கிறது. அது எலெக்ட்ரோடின் உள்ளே இருக்கும் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பாகப் படிந்து ஜங்ஷனை அடைக்கும். மேலே தோலிலிருந்து கரைந்துவந்த புரதம் வேறு படலமாக ஒட்டும். அதனால்தான் டபுள் ஜங்ஷன் எலெக்ட்ரோடு கேட்டு வாங்கச் சொல்கிறேன். புரதப் படலத்துக்குப் பெப்சினும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசல் உண்டு, அதில் ஊறவைத்துக் கழுவலாம். வேலை முடிந்ததும் எலெக்ட்ரோடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிற்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் நிறுத்துவது எங்கள் பகுதியில் பல ஷாப்புகளில் இருக்கும் பழக்கம். சுத்தமான தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் அது உள்ளே இருக்கும் உப்பை உறிஞ்சி எடுத்துவிடும்.

இன்னொன்று. சுண்ணாம்புத் தண்ணீரில் பி.எச். 12-க்கு மேலே போகும். அந்த உயரத்தில், கூடவே சோடியமும் நிறைய இருந்தால், சாதாரணக் கண்ணாடி எலெக்ட்ரோடு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். லைமிங்கில் வரும் எண்ணை வைத்து நுணுக்கமான முடிவு எதுவும் எடுக்காதீர்கள். பிக்கிளிலும் குரோமிலும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே 4.01, 7.00 என்ற இரண்டு பஃபர்களில் தினமும் காலையில் சரிபார்த்துவிட்டுத் தைரியமாக நம்பலாம். ஊற்றிய பஃபரைத் திரும்பப் பாட்டிலில் கொட்டக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

டிரம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "இன்னா சார் இது, காத்தால 3.9 சொல்லுச்சு, இப்போ 3.6 சொல்லுது. எதைத்தான் நம்பறது?" நல்ல கேள்வி. பைகார்பனேட்டைக் கரைத்து விட்டவுடன் முதலில் ஏறுவது தண்ணீரின் பி.எச். பிறகு காரம் தோலுக்குள் போகப்போக, குரோம் தோலைப் பிடிக்கப்பிடிக்க, தண்ணீரின் எண் மறுபடி இறங்கும். மீட்டர் இரண்டு தடவையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் அது அளப்பது டிரம் தண்ணீரை. நமக்குத் தெரிய வேண்டியது தோலின் நடுப்பகுதி. அதைக் காட்டுவது சின்னப் பாட்டிலில் இருக்கும் புரோமோகிரிசால் கிரீன். கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். 3.8-க்குக் கீழே மஞ்சள், 5.4-க்கு மேலே நீலம், நடுவில் பச்சை. பிக்கிளில் வெட்டுமுகம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே மஞ்சளாக இருந்தால்தான் அமிலம் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் பச்சையோ நீலமோ கோடாகத் தெரிந்தால் மீட்டர் 2.9 காட்டினாலும் குரோம் போடாதீர்கள், டிரம் இன்னும் ஓடட்டும். சுண்ணாம்பை எடுக்கும் கட்டத்தில் இதே வேலையைப் பினால்ப்தலீன் செய்கிறது. வெட்டுமுகத்தில் இளஞ்சிவப்பு மறைந்தால் சுண்ணாம்பு போயிற்று.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இறக்கலாமா என்பதற்கு, தண்ணீரின் பி.எச். 3.8-லிருந்து 4 வரை நிலைத்து நிற்க வேண்டும், கூடவே கொதி சோதனையும் பார்க்க வேண்டும். ஒரு துண்டு வெட்டிக் காகிதத்தில் அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடி அதே கோட்டின் மேல் வைத்துப் பார்ப்போம். சுருங்கவில்லை என்றால் குரோம் பிடித்திருக்கிறது. சுருங்கும் வெப்பநிலையை டிகிரிக் கணக்கில் சொல்ல ஐ.எஸ்.ஓ. 3380 என்ற முறையும் அதற்கான கருவியும் இருக்கின்றன. வாங்குபவர் ரிப்போர்ட்டில் எண் கேட்டால் அது வேண்டும். டிரம்மை நிறுத்த ஸ்டவ்வும் பாத்திரமும் போதும்.

அடுத்தது, எங்கள் பகுதியில் அதிகச் சண்டை நடக்கும் கருவி, தடிப்பு பார்க்கும் கேஜ். ஷூ அப்பர் என்றால் 1.2-லிருந்து 1.4 மில்லிமீட்டர், கையுறைத் தோல் என்றால் அதில் பாதி. ஷேவிங் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் கையில் கேஜ் இருக்கும், ஆம்பூர் ஷூ கம்பெனியின் தர ஆய்வாளர் பையிலும் ஒன்று இருக்கும். இவர் 1.3 என்கிறார், அவர் 1.2 என்கிறார், லோடு கேட்டிலேயே நிற்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. தோல் அழுத்தினால் அமுங்கும் பொருள். எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு அகலமான பாதத்தால், எத்தனை விநாடி அழுத்திப் பார்த்தீர்கள் என்று சொல்லாமல் தோலுக்குத் தடிப்பு என்ற ஒன்றே கிடையாது. இதற்காகத்தான் ஐ.எஸ்.ஓ. 2589 இருக்கிறது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாதம், சதுர சென்டிமீட்டருக்கு 500 கிராம் அழுத்தம், அதாவது பாதத்தின் மேல் 393 கிராம் எடை. அதை இறக்கி 5 விநாடி கழித்துப் படிக்க வேண்டும். கையில் பிடித்து அழுத்தும் ஸ்பிரிங் கேஜ் எதுவும் இப்படி இயங்குவதில்லை.

அதற்காக ஷேவிங் மிஷினுக்குப் பக்கத்தில் எடை வைத்த மேசைக் கேஜை நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே ஸ்பிரிங் கேஜ்தான் சரி, வேகம் வேண்டும். ஆனால் லேப்பில் ஒரு மேசைக் கேஜ் இருக்கட்டும். நீங்கள் செய்கிற ஒவ்வொரு வகைத் தோலிலும் சில துண்டுகளை இரண்டிலும் அளந்து, வித்தியாசத்தை ஷேவிங் ஆளுக்குச் சொல்லிவிடுங்கள். இறுக்கமான தோலில் வித்தியாசம் குறைவாகவும், பஞ்சு மாதிரி மென்மையான தோலில் அதிகமாகவும் வரும். ஆர்டர் எடுக்கும்போதே "தடிப்பு ஐ.எஸ்.ஓ. 2589-படி" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் கேட்டில் நடக்கும் சண்டை பாதியாகும். இந்த ஒரு வரியை எழுதச் சொல்லித்தான் நான் பல முதலாளிகளிடம் மன்றாடியிருக்கிறேன்.

சதுர அடி மிஷினுக்கும் இதே கதை. பின் சக்கரம் வைத்த பழைய மிஷினோ, ஒளி வைத்து அளக்கும் புதியதோ, பரப்பு தெரிந்த ஒரு தகட்டை நேராகவும் குறுக்காகவும் விட்டுப் பார்த்து எண் மாறாமல் வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். தோலைக் கால் சதுர அடிக் கணக்கில் குறித்து விற்கிற வியாபாரம் இது, கால் அடி தவறினால் காசு போகும். கிரஸ்ட் தோல் ஈரக்காற்றில் விரிந்து வறண்ட காற்றில் சுருங்கும். மே மாதம் ராணிப்பேட்டையில் அளந்ததை அடைமழையில் சென்னையில் அளந்தால் எண் ஒத்துப்போகாது. பரிசோதனைக்கு முன்னால் தோலைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்திருக்கச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 2419 இதற்காகத்தான். கண்டிஷனிங் அறை இல்லாமல் டென்சைல் மிஷின் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மிஷின் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் உள்ளே வைக்கிற துண்டின் ஈரம் தினம் ஒரு மாதிரி இருந்தால் அந்தத் துல்லியம் எங்கே போய் நிற்கும்?

எந்தச் சோதனையை வெளிக் கூடத்துக்கு அனுப்பலாம் என்பதற்கு வருகிறேன். 1989 இறுதியில் ஜெர்மனி பெண்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பூஞ்சை பிடிக்காமலிருக்க அதுவரை சாதாரணமாகப் போட்டுவந்த மருந்து அது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய காஸ் குரோமடோகிராஃப் எந்தச் சின்ன ஷாப்பிலும் இருக்கவில்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. பிறகு சில அசோ சாயங்கள், 2015 மே 1 முதல் ஐரோப்பாவில் குரோமியம் ஆறுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பு. ஒவ்வொன்றும் நம் டிரம்மில் நடக்கும் வேலையை எங்கோ ஒரு பரிசோதனைக் கூடத்தின் எண்ணோடு கட்டிவிட்டது.

குரோமியம் ஆறைப் பார்க்க ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். 540 நானோமீட்டரில் ஊதா நிறத்தை அளக்கும் முறைதான், கேட்டால் எளிது. ஆனால் சாயம் போட்ட தோலிலிருந்து சாயமும் சேர்ந்து கரைந்துவந்து நிறத்தைக் குழப்பும். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 17075-க்கு இரண்டாம் பகுதியாக அயன் குரோமடோகிராஃபி முறையைச் சேர்த்தார்கள். மாதத்துக்குச் சில மாதிரிகள்தான் என்றால் சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கும் சி.எல்.ஆர்.ஐ.க்கோ, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற வேறு கூடத்துக்கோ அனுப்புங்கள். மிச்சமாகும் பணத்தைக் குரோமியம் ஆறு உருவாகாமல் தடுக்கும் வேலையில் போடுங்கள். நியூட்ரலைசேஷனில் பி.எச். அளவுமீறி ஏறாமல் பார்ப்பது, ஃபேட் லிக்கரை ஒழுங்காகத் தேர்ந்தெடுப்பது, ரீடேனிங்கில் கொஞ்சம் தாவரச் சாறு சேர்ப்பது. இதில் முதலாவதற்கு வேண்டிய கருவி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

தராசைப் பற்றிச் சுருக்கமாக. 100 கிலோ தாங்கி 50 கிராம் படியில் காட்டும் பிளாட்ஃபார்ம் தராசில் 200 கிராம் சாயம் நிறுத்தால், திரையில் 200 என்றிருக்கும்போது தட்டில் 175-ம் இருக்கலாம், 225-ம் இருக்கலாம். ஷேடு ஏன் ஒவ்வொரு டிரம்முக்கும் மாறுகிறது என்று சாயக் கம்பெனியோடு சண்டை போடுவதற்கு முன்னால், சாயத்துக்கென்று தனியாக ஒரு சின்னத் தராசு வாங்குங்கள்.

எலெக்ட்ரீஷியனுக்கு டங் டெஸ்டர் வாங்கும்போது ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டிரம் மோட்டாரை இப்போது டிரைவ் வைத்து ஓட்டுகிறோம். அந்த அலைவடிவத்தில் சாதாரண டெஸ்டர் கரண்ட்டைத் தவறாகக் காட்டும். 415 வோல்ட் பேனலில், ஈரத்தரையில் நின்று தொடுகிற கருவி கேட்-3, 600 வோல்ட் தரத்துக்குக் குறையக் கூடாது. இதில் விலை பார்க்காதீர்கள்.

காலிபரேஷன் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. ஆடிட்டுக்காக வாங்கி ஃபைலில் போட்டு மூடிவிடுகிறோம். அதைத் திறந்து படியுங்கள். 1 மில்லிமீட்டரில் கேஜ் 0.04 கூட்டிக் காட்டுகிறது என்று அதில் எழுதியிருந்தால், அந்த எண் கேஜின் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும். சென்னை இ.டி.டி.சி., கோவை சிடார்க், நீரோட்ட மீட்டர் என்றால் பாலக்காட்டு எஃப்.சி.ஆர்.ஐ. என்று நமக்கு எட்டும் தூரத்தில் நல்ல கூடங்கள் இருக்கின்றன. அனுப்பும் முன் உங்கள் அளவும் வரம்பும் அவர்களுடைய என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். இந்த மண்ணில் டி.டி.எஸ். என்ற எழுத்துகள் தெரியாத விவசாயி கிடையாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் ஷாப்புகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாகப் பதிவு செய்தது. வெளியேறும் நீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவர்கள் பையில் இன்று பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. ஷாப்புகளிலும் அதேதான்.

அந்தப் பேனா கரைந்த உப்பை நிறுப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து, உள்ளே பதிந்திருக்கும் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தப் பெருக்கெண் மீட்டருக்கு மீட்டர் மாறும், ஒன்றில் 0.5, இன்னொன்றில் 0.7 வரை போகும். ஒரே தண்ணீரில் ஒன்று 1,800 என்றும் மற்றது 2,500 என்றும் காட்டலாம். ஒன்றின்படி வரம்புக்குள், மற்றதன்படி வெளியே. வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரை வடிகட்டி, ஆவியாக்கி, அடுப்பில் உலர்த்தி, மிஞ்சியதை நிறுப்பார்கள். ஆகவே உங்கள் தண்ணீரை அப்படி ஒருமுறை நிறுத்துப் பார்த்து, உங்கள் மீட்டருக்கான பெருக்கெண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். ஊறல் தண்ணீருக்கு ஒன்று, சுத்திகரித்த தண்ணீருக்கு ஒன்று. கிணற்றுக்காரருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவர் நிலத்தில் எதைப் பயிரிடுவது என்ற முடிவு அந்தப் பேனாவின் எண்ணில்தான் நிற்கிறது.

கடைசியாக எழுதினாலும் பட்டியலில் முதலில் வாங்க வேண்டியது காஸ் டிடெக்டர். சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் பிக்கிள் அமிலத் தண்ணீரும் ஒரே கால்வாயில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். கசடு தேங்கிய தொட்டியில் யாரும் எதுவும் ஊற்றாமலே அது இருக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் படியும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விலகிக்கொள்ளலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 100 பி.பி.எம். அளவில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றது, காஸ் போய்விட்டது என்று இறங்குகிற ஆள் அங்கேயே விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார்.

நான்கு காஸ் பார்க்கும் கருவி வாங்குங்கள்: ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. பம்பும் நீளக் குழாயும் உள்ளதாக இருக்க வேண்டும். சட்டையில் மாட்டும் வகை ஆள் இறங்கிய பிறகுதான் கத்தும். இறங்குவதற்கு முன்னால் குழாயை விட்டு மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். முதலில் ஆக்சிஜன், 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் யாரும் இறங்கக் கூடாது. எரிவாயு சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும் என்பதால் அந்த எண்ணைப் பார்க்காமல் மற்றதைப் படிப்பதில் பயனில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு நம் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேரச் சராசரியாக 10 பி.பி.எம்., குறுகிய நேரத்துக்கு 15 என்று வைத்திருந்தது. முதல் அலாரத்தை 10-ல் வையுங்கள். சென்சார் பொதுவாக இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும், பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் தீர்ந்துபோகும். உயிரோடு இருக்கிறதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளவு தெரிந்த காஸை ஒரு சின்ன சிலிண்டரிலிருந்து காட்டி, எண் ஏறி அலாரம் அடிக்கிறதா என்று இறங்கும் நாள் ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும். வாங்கும் போதே அந்த சிலிண்டரையும் அடுத்த சென்சாருக்கான விலையையும் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். கருவி மேனேஜரின் பீரோவில் இருக்கக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யக் கான்ட்ராக்டர் ஆள் கூட்டிவருவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு பீரோச் சாவி வீட்டில் இருக்கும். வாட்ச்மேன் ரூமில் மாட்டுங்கள், அவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். அளந்து எழுதிய சீட்டு கையில் வராமல் தொட்டியின் மூடியைத் திறந்து ஆளை இறக்க விடக் கூடாது என்ற அதிகாரத்தையும் அவரிடமே எழுத்தில் கொடுங்கள்.